கோட்டை வாசலும் காணிக்கைப் பெட்டியும்



நம்முடைய செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில் சேர்ந்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். நமக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் இந்தக் கோட்டையின் சரித்திரத்தில் விசுவாசிகள் கவனிக்கவேண்டிய காரியம் ஒன்று உண்டு.

1690-ல் அவுரங்கசீப்பின் சேனை வந்து இதை முற்றுகை போட்டது. உள்ளே இருந்தவர் மராட்டிய ராஜா ராஜாராம். மூன்று மலை, மலைகளைச் சுற்றி மதில், களஞ்சியத்தில் தானியம், மேலே சுனைத் தண்ணீர். டில்லி சாம்ராஜ்யத்தின் சேனை ஏறக்குறைய எட்டு வருஷம் கிடையாய்க் கிடந்து, 1698-ல்தான் உள்ளே போக முடிந்தது. அதே கோட்டை, அதே மலை, அதே மதில். 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்கிற பிரெஞ்சுத் தளபதி வந்தான். ஒரே ராத்திரி! விடிவதற்குள் கோட்டை அவன் கையில். அவன் மலையைக் குடைந்தா வந்தான்? வாசலை வெடிவைத்துத் தகர்த்து வந்தான்.

தேவ பிள்ளைகளே, சத்துரு எட்டு வருஷம் போராடியும் அசைக்க முடியாத சபைகள் உண்டு. பாடுகள் வந்தது, நிந்தை வந்தது, குடும்பத்தார் தள்ளினார்கள், சபை நின்றது. ஆனால் பணம் என்கிற வாசல் வழியாக அவன் வந்தபோது ஒரே இரவில் விழுந்துபோனது. அதனால் இந்த மாதம் பணத்தைக் குறித்துத்தான் எழுதுகிறேன். சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

2 இராஜாக்கள் 5-ஐ எடுத்து வாசியுங்கள். நாகமான் சொஸ்தமானான். பத்துத் தாலந்து வெள்ளியோடு வந்தவன் எலிசாவை வருந்திக் கேட்டும் எலிசா வாங்கவில்லை. ஏன்? அந்தச் சீரிய சேனாபதி தன் ஊருக்குப் போய், "இஸ்ரவேலின் தேவன் இலவசமாய்ச் செய்தார்" என்று சொல்லவேண்டும். அதுதான் சாட்சி. கேயாசி பின்னாலே ஓடினான். தனக்கென்று கேட்டானா? இல்லை. தீர்க்கதரிசிகளின் புத்திரரில் இரண்டு வாலிபர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடும் என்று கேட்டான். இன்றைக்குச் சொல்வதானால், "ரெண்டு பைபிள் காலேஜ் பசங்க வந்திருக்காங்க, ஏதாவது செய்யுங்க ஐயா" என்பதுபோல. (நானும் பைபிள் காலேஜில் படித்தவன்தான், சிரிக்காதீர்கள்.) ஊழியத்தின் பேரைச் சொல்லி வாங்கினான்; கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்தான். அவன் பண ஆசை ஒரு பாவம். தேவனுடைய ஊழியத்தை அதற்குத் திரையாகப் பிடித்தது அதைவிடப் பெரிய பாவம்.

இதைப் பவுல் நன்றாய் அறிந்திருந்தான். எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காகச் சேர்ந்த தர்மப்பணத்தைத் தனியாய்த் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவோடுகூட, சபைகள் தெரிந்துகொண்ட ஒரு சகோதரனையும் அனுப்பினான். யாரும் ஒரு குற்றமும் சொல்லக்கூடாது, கர்த்தர் பார்வையில் மட்டுமல்ல, மனுஷர் பார்வையிலும் காரியம் சுத்தமாய் இருக்கவேண்டும் என்பதே அவனுடைய கருத்து (2 கொரி. 8:18-21). "கர்த்தருக்குத் தெரியும், மனுஷனுக்கு நான் ஏன் கணக்குச் சொல்லணும்?" என்று பேசுகிற ஊழியக்காரர் இந்தப் பகுதியை வாசிக்கவேண்டும். மூன்றாம் வானம்வரை எடுத்துக்கொள்ளப்பட்ட அப்போஸ்தலனே சாட்சி வைத்துப் பணத்தை அனுப்பினான் ஐயா!

இப்போது காணிக்கை போனிலேயே வருகிறது. போதகரின் சொந்த நம்பருக்கு வருகிறது. வீட்டு அரிசி, பையனின் ஃபீஸ், கன்வென்ஷன் பந்தல் எல்லாம் அதே கணக்கில் ஓடுகிறது. அவர் மனதில் வஞ்சகம் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் வாசல் திறந்து கிடக்கிறது. சபை பேரில் தனிக் கணக்கு வையுங்கள். பெட்டியைத் திறந்து எண்ணும்போது இரண்டு மூப்பர் உட்காரட்டும், ஒருவர் போதகரின் சொந்தக்காரராய் இருக்கவேண்டாம். மாதம் ஒருமுறை வரவு செலவைச் சபையில் சத்தமாய் வாசியுங்கள். எழுபது ரூபாய் தேயிலைச் செலவானாலும் வாசியுங்கள்.

1860-ல் திருநெல்வேலிச் சீமையில் எழுப்புதல் உண்டானது. அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் அங்கே காணப்பட்டன. அசூசா தெருவுக்கு 46 வருஷம் முன்னே! அதில் கர்த்தர் பயன்படுத்தின அருளப்பன் ஐயா, மிஷன் சம்பளம் வேண்டாம் என்று கர்த்தரை நம்பி நின்றவர். எழுப்புதலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்நியபாஷையைச் சொல்கிறார்கள், இதைச் சொல்வதில்லை.

சரி, ஊழியக்காரருக்கு மட்டுமா? விசுவாசிகளே, உங்களுக்கும் உண்டு. நம்முடைய சபையில் பாதிப்பேர் விவசாயமும் வியாபாரமும் செய்கிறவர்கள். கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றும்போது ஈரத்தை மறைத்து நடுவில் வைப்பதும், கடையில் வாங்க ஒரு எடை விற்க ஒரு எடை வைப்பதும் கர்த்தருக்கு அருவருப்பு. பையில் பெரிதும் சிறிதுமான இரண்டு படிக்கல் இருக்கக்கூடாது என்று மோசேயின் மூலமாய்ச் சொன்னாரே (உபா. 25:13-16). அப்படி வந்த பணத்தில் தசமபாகம் கொடுத்தால் மீதி ஒன்பது பங்கு பரிசுத்தமாகிவிடாது. சீட்டு எடுத்துவிட்டு மாதத் தவணை கட்டாமல் ஒளிகிற சகோதரன், ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் கைகளை உயர்த்தித் துதிக்கிறான். சீட்டு நடத்தும் புறமதத்து அம்மா ஜன்னல் வழியாய்ப் பார்த்துக்கொண்டு போகிறாள். அந்த அம்மாவுக்கு நாம் எந்தக் கைப்பிரதியைக் கொடுப்பது?

உண்மையிலேயே கையில் இல்லாதவர்கள் உண்டு. மழை பொய்த்தது, ஆஸ்பத்திரிச் செலவு வந்தது. அவர்களை நான் குற்றப்படுத்தவில்லை. ஆனால் கடன் கொடுத்தவருடைய வாசலுக்குப் போய், "அக்கா, இந்த மாசம் முடியல, இருநூறுதான் இருக்கு, வாங்கிக்கோங்க" என்று சொல்லலாமே. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு, முதலாவது சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசுவானவர் சொன்னது இதற்கும் பொருந்தும் (மத். 5:23-24).

வருகிற உபவாச ஜெபம் வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. வியாழக்கிழமை சாயங்காலம் நம்மில் பலருக்கு ஓய்வுதான். யாருடைய வீட்டுக்குப் போய்வரவேண்டும் என்று அவரவருக்குத் தெரியும்.