நம்பு என்பதா? பார் என்பதா?

நிலவைக் காட்டிக் குழந்தைக்குச் சோறூட்டும் நாடு இது. பாட்டி வடை சுடுகிறாள் என்று தொடங்கும் கதை, குழந்தை வளர வளர, இராகு விழுங்கினான், சனி பிடித்தான், செவ்வாய் தோஷம் என்று நீள்கிறது. பாட்டி சுட்ட வடை எவரையும் சுட்டதில்லை. செவ்வாய் தோஷமோ எத்தனையோ கன்னியரின் வாழ்வைச் சுட்டெரித்திருக்கிறது!

இதை உணர்ந்த பகுத்தறிவுத் தோழர் என்ன செய்கிறார்? "இராகுவும் இல்லை, கேதுவும் இல்லை, அப்பா சொல்கிறேன், நம்பு" என்கிறார். சொன்னது உண்மை; சொன்ன முறையோ பழைய முறை! புரோகிதரும் நம்பு என்றார். தந்தையும் நம்பு என்கிறார். ஆள் மாறியதால் நம்பிக்கை அறிவாகிவிடுமா? "பார், பிறகு நீயே சொல்" என்பதன்றோ அறிவுநெறி!

1610 ஜனவரியில், இத்தாலியின் பதுவா நகரில் கலிலியோ அந்நெறியில்தான் நின்றார். ஏறத்தாழ 20 மடங்கு பெருக்கும் எளிய குழாயின் வழியே, வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்டார். பிறரையும் காண அழைத்தார். காண மறுத்த மேதாவிகளும் இருந்தனர். புவி கதிரவனைச் சுற்றுகிறது என்றதற்காக 1633இல் சமய விசாரணை மன்றம் அவரைத் தண்டித்தது. தீர்ப்புக்கு அஞ்சிப் புவி நின்றுவிடவில்லை, நிலவுகளும் நிற்கவில்லை.

அவர் கண்ட காட்சியை 7 வயதுச் சிறுமிக்கு இன்று நாம் தரலாம். எந்தக் கருவியைத் தேர்வது? "500 மடங்கு பெருக்கும்" எனக் கடையில் ஒரு பெட்டி முழங்கும். ஏமாறாதீர், தோழர்களே! கருவியின் ஆற்றல், ஒளியைத் திரட்டும் வில்லை அல்லது ஆடியின் அகலத்தில் இருக்கிறது. விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2 மடங்கு. அதுவே பயன்தரும் எல்லை. 60 மில்லிமீட்டர் குழாய் 120 மடங்குக்கு மேல் காட்டுவது கலங்கிய நிழலே. ஆடுகின்ற முக்காலியோ அந்த நிழலையும் நிற்கவிடாது. இந்தப் பெட்டிக்கும் தாயத்து விற்பவனின் பேச்சுக்கும் என்ன வேறுபாடு? அறிவியலின் பெயரால் குழந்தை பெறும் முதற்பொருளே பொய் சொன்னால், எல்லாரும் பொய்யரே என்ற பாடமன்றோ அவள் நெஞ்சில் பதியும்!

எளிய இல்லத்துக்கு, 7 மடங்கு பெருக்கும் 50 மில்லிமீட்டர் பைனாகுலர் போதும். மதிற்சுவரில் ஊன்றிப் பிடித்தால் நிலவின் பெரும்பள்ளங்களும் கார்த்திகை மீன்கூட்டமும் தெரியும். மேலும் செலவிட இயலுமானால், மேசைமேல் வைக்கும், 114 அல்லது 130 மில்லிமீட்டர் ஆடியுள்ள டாப்சோனியன் தொலைநோக்கி நன்று. குழந்தையின் கையே அதை இடம் வலமாகவும் மேல் கீழாகவும் திருப்பும். கலிலியோ கண்ட நான்கு நிலவுகளும் தெளிவாகத் தெரியும். ஓர் எச்சரிக்கை: கதிரவன் பக்கம் அதைத் திருப்பவே கூடாது; முகப்பை முழுதும் மூடும் உரிய வடிகட்டியின்றி ஒருகணம் நோக்கினும் பார்வை பறிபோகும்.

பிறகு ஓர் இரவு சனிக்கோளை அவள் காணட்டும். பிடிக்கும் என்று பெரியோர் அஞ்சிய சனி, வளையம் அணிந்த சிறு முத்தாய் மிதக்கும். அது கதிரவனைச் சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டு. 12 இராசிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை. மூன்று இராசிக்கு ஏழரை! கோளின் நடையைக் கணக்கிட்டது அறிவு. அக்கணக்கின்மேல் அச்சத்தை ஏற்றியது மடமை.

அவள் கேள்விக்கு விடை தெரியாவிடில், "தெரியாது; சேர்ந்து பார்ப்போம்" எனக் கூறத் தயங்காதீர். நம் சொல்லையும் ஐயுறும் உரிமையை அவளுக்குத் தர அஞ்சுவோமாயின், நாம் இடித்த பீடத்தில் நாமே ஏறி அமர்ந்தவராவோம்!