இரு மரங்கள் புகட்டும் அறம்

நீரோடையின் ஓரத்தில் வேரூன்றி, உரிய பருவத்தில் கனி தரும் மரத்துக்கு நீதிமானை ஒப்பிடுகிறது விவிலியத்தின் முதல் சங்கீதம். மரத்தின் தரத்தை அதன் கனியே காட்டும் என்று மலைப்பொழிவில் போதித்தார் ஏசுபிரான். ஊர் நடுவே பழுத்து நிற்கும் பயன்மரமே அருளாளனின் செல்வம் என்பது வள்ளுவரின் கருத்து. சமயங்கள் வேறாயினும், அறவாழ்வுக்கு அவை காட்டும் உவமை ஒன்றே.

இவ்வுவமை வரலாறாகவே விளங்கும் பகுதி, நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் அவற்றை ஒட்டிய கன்னியாகுமரி மாவட்டமும். 1956-இல் மாநில எல்லை இடையே வரையப்பட்டது. எனினும் மண்ணுக்கடியில் செல்லும் வேர்கள் எல்லைக்கோட்டை அறிவதில்லை.

நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ண சுவாமி ஆலய வளாகத்தில் பழமையான பலாமரம் ஒன்றின் அடிமரம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. மக்கள் அதனை 'அம்மச்சிப் பிலாவு' என்பர். திருவிதாங்கூர் அரசராவதற்கு முன், பகைவர்களால் துரத்தப்பட்ட மார்த்தாண்டவர்மர் இதன் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது மரபு.

மற்றொரு மரம் நாகர்கோவிலை அடுத்த பெருவிளையில் நின்ற வேம்பு. மார்த்தாண்டவர்மரின் ஆட்சியில் அரண்மனைப் பணியில் இருந்தவர், 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை. குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்த டச்சுத் தளபதி டிலனாயின் நட்பால் கிறிஸ்துவை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, தேவசகாயம் என்னும் பெயரை ஏற்றார். அவருடைய மனைவி பார்கவி அம்மாளும் 'ஞானப்பூ' ஆனார். குல வேறுபாடு பாராமல் எல்லோருடனும் பழகியது அவருடைய விசுவாசம் ஈன்ற கனி. 1749-இல் அவர் கைதானார். பல துன்பங்களுக்குப் பின் அவர் பிணிக்கப்பட்ட இடம் அந்த வேம்பின் அடி என்று மரபு கூறுகிறது. அங்கும் மக்கள் அவரை நாடி வந்தனர். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

பலா, ஓடி வந்தவருக்கு ஒளிவிடம் தந்தது. வேம்பு, கட்டுண்டவருக்கு நிழல் தந்தது. வந்தவரின் குலத்தையோ சமயத்தையோ அவை வினவவில்லை. வினவுபவன் மனிதனே! துன்ப காலத்தில் அடைக்கலம் பெற்றவனும், அதிகாரம் கைக்கு வந்தபின் பிறருக்கு அடைக்கலம் தர மறந்துவிடக்கூடும். மன்னரைக் குறைகூறுவதற்காக இதை நினைவுகூரவில்லை; நம் மனத்தை நாமே ஆராய்வதற்காகவே. நாம் யாருடைய நிழலில் வளர்ந்தோம்? இன்று யாருக்கு நிழலாகிறோம்?

இத்தகைய உறுதி ஒரே நாளில் வருவதன்று. இளஞ்செடிக்கு வேலி தேவை. அதுவே வளர்ந்து பெருமரமானபின் யானையையும் அதில் கட்டலாம் என்று பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் உபதேசித்தார். திருமுழுக்குக்கும் சிறைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், தேவசகாயத்தின் விசுவாசம் வேர்பிடித்த காலம். அதன் பிறகு வந்த துன்பம் என்னும் யானையால் அம்மரத்தைச் சாய்க்க முடியவில்லை.

ஜபமும் தியானமும் சத்சங்கமும் சாதகனுக்கு வேலி. ஆனால் வேலி செடியைக் காப்பதற்கே. வழிப்போக்கனிடமிருந்து நிழலை மறைப்பதற்கன்று. வளர்ந்த பின்னும் 'என் சமயம், என் குலம்' என்று வேலிக்குள்ளேயே நிற்பவன், கனி தராத மரத்துக்கு ஒப்பாவான்.

பலா தன் கனியைத் தானே உண்பதில்லை. வேம்போ சுவையில் கசந்து, குணத்தில் மருந்தாகிறது. இனிய காலத்தில் பலாவைப்போல் பகிர்ந்தளிப்போம்; கசப்பான காலத்தில் வேம்பைப்போல் பிறர் நோய் தீர்ப்போம். வேர் இறைவனிடத்திலும் நிழல் எல்லா உயிர்களிடத்திலும் அமைந்த வாழ்வை அருளுமாறு எம்பெருமானை வேண்டுவோமாக!