கழுவப்படும் பாதம்

ஊழியம் என்றதும் தாழ்மையும் கூடவே வந்துவிடுவதாகக் கிறிஸ்தவ மனம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் கொடுக்கிற கை மேலே இருக்கிறது, வாங்குகிற கை கீழே. எவ்வளவு குனிந்தாலும் இது மாறுவதில்லை. புண்ணைக் கழுவுகிறவனுக்கு எழுந்து போய்விடும் சுதந்திரம் உண்டு, புண்ணுக்குரியவனுக்கு இல்லை. அந்தச் சுதந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவன் தாழ்மையோடு இருக்க முடியுமா?

யோவான் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் குரு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். பிரசங்கங்கள் பெரும்பாலும் அவரையே காட்டுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது பேதுரு. அவன் காலைத் தர மறுக்கிறான். மரியாதை போலத் தோன்றும் இந்த மறுப்பை இயேசு ஏற்பதில்லை. கழுவப்படாதவனுக்குத் தன்னிடத்தில் பங்கில்லை என்கிறார். பெற்றுக்கொள்ளக் கூசுவதிலும் அகங்காரம் இருக்கிறது. ஊழியக்காரர்களிடம் அதிகம் காணப்படுவது இந்த அகங்காரம்தான்.

பெல்ஜியத்துப் பாதிரியார் டேமியன் 1873இல், தம் 33ஆம் வயதில், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலகாய்க்குப் போனார். 1865இல் வந்த ஒரு சட்டத்தின்படி, தொழுநோயாளிகளைப் பிடித்து அங்கே ஒரு முனையில் ஒதுக்கியிருந்தார்கள். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. அவர் புண்களுக்குக் கட்டுப் போட்டார், வீடு கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழி தோண்டினார். சாதுவான மனிதரல்ல. முரடர், பிடிவாதக்காரர், அதிகாரிகளோடும் சபை மேலிடத்தோடும் ஓயாமல் மோதியவர்.

1889இல் அவர் இறந்ததும் ஹானலூலுவில் வசித்த புராட்டஸ்டண்டு போதகர் ஹைட் அவரை இழித்து எழுதிய கடிதம் ஒன்று அச்சேறியது. 1890இல் ஸ்டீவன்ஸன் அதற்குப் பகிரங்கமாகப் பதில் எழுதினார். டேமியனின் குறைகளை அவர் மறைக்கவில்லை, பலவற்றை ஒப்புக்கொண்டார். அந்த வேலையை அவர் செய்துகொண்டிருந்தபோது நீங்கள் உங்கள் வசதியான வீட்டில் அல்லவா இருந்தீர்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். நல்ல பதில்தான். ஆனாலும் இரு தரப்பும் டேமியனைக் கொடுப்பவராக மட்டுமே பார்த்தன.

1884இன் முடிவில் கொதிநீர் பட்டு அவர் பாதம் வெந்தது, வலி தெரியவில்லை. நோய் வந்துவிட்டது. முதல் வருடத்திலிருந்தே பிரசங்கத்தில் நோயாளிகளோடு தம்மையும் சேர்த்துப் பேசியவர் அவர். நம் மொழியில் சொன்னால் 'நாங்கள்', 'நீங்கள்' என்று பிரிக்காமல் 'நாம்' என்றார். அதுவரை அது அவராகத் தேர்ந்துகொண்ட சொல். இனி அது நிலைமை. எழுந்து போகும் சுதந்திரம் தீர்ந்தது. 1886இல் டட்டன் என்ற அமெரிக்கர் உதவிக்கு வந்தார்; 1888இல் மரியான் கோப்பும் அவருடைய சகோதரிகளும் வந்தார்கள். கட்டுப் போட்டவருக்குக் கடைசியில் மற்றவர்கள் கட்டுப் போட்டார்கள். பேதுரு கூசிய இடத்தில் டேமியன் காலை நீட்ட வேண்டியிருந்தது.

நோய் அவரைப் புனிதராக்கியது என்பது ஆபாசமான பேச்சு. 1969 வரை சுமார் 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள். நோயை யாரும் வேண்டிப் பெறவில்லை. டேமியன் வருவதற்கு ஏழு வருடம் முன்பே, 1866இல், நோயாளிகள் சிலோவாமா என்று ஒரு சபையைத் தாங்களே அமைத்துக்கொண்டிருந்தார்கள். யாராவது வந்து ஊழியம் செய்யட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இன்னும் சிலர் இருந்தார்கள். நோயுற்ற கணவனோடு மனைவியும், மனைவியோடு கணவனும், தங்களுக்கு நோயில்லாமலே கப்பலேறிப் போனார்கள். ஹவாய் மொழியில் அவர்களுக்குக் 'கோக்குவா' என்று பெயர், உதவுகிறவர். ஆனால் தன் கணவனின் புண்ணைக் கழுவும் பெண் அதை ஊழியம் என்று நினைத்திருப்பாளா? அங்கே மேல் கை, கீழ்க் கை இல்லை. டேமியன் பதினொரு வருடம் கழித்துச் சேர்ந்த இடத்திலிருந்து இவர்கள் புறப்பட்டார்கள்.

டேமியனுக்கு 2009இலும் மரியானுக்கு 2012இலும் புனிதர் பட்டம் கிடைத்தது. தகும். கோக்குவாக்களில் பலருக்குக் கல்லறையில் பெயர்கூட இல்லை. அவர்களுக்காக வாதாட ஒரு ஸ்டீவன்ஸன் வரவில்லை. அவர்களைத் தூற்ற ஒரு ஹைட்டும் வரவில்லை. தூற்றுவதற்காகவாவது யாராவது பார்த்திருக்க வேண்டுமே.