சத்திரமும் அதன் தர்மமும்

ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தைத் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி 1802-ஐ ஒட்டிக் கட்டினார். இராமேசுவர யாத்திரிகர்கள் நடந்து செல்லும் வழியில், தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் பெயர் நிலைக்க அது எழுந்தது. இன்று அங்கே யாத்திரிகர் யாரும் தங்குவதில்லை. பழைமைக்காகவே கட்டடம் மதிக்கப்படுகிறது. சோறு போட எழுந்த இடத்தில் சோறு நின்றபின், சுவரைக் காப்பது தர்மத்தைக் காப்பதாகுமா?

தஞ்சைச் சத்திரங்களின் நடைமுறையை 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டுக்குச் சரபோஜி எழுதிய கடிதம் விவரிக்கிறது. எல்லாச் சாதியாருக்கும் உணவு உண்டு. சமைத்த சோறு வேண்டாதவர் அரிசியாக வாங்கிக்கொள்ளலாம். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று கேட்பார்கள். நோயாளிக்கு வைத்தியம், கர்ப்பிணிக்குப் பேறுகால உதவி, அநாதைப் பிள்ளைக்குப் படிப்பு, வழியில் இறந்தவருக்கு ஈமக்கடன் வரை சத்திரத்தின் பொறுப்பு. அந்த மணியோசைதான் சத்திரத்தின் உயிர். பசித்தவன் வந்து கேட்கட்டும் என்று இராமல், அவனைத் தேடிப்போய் அழைத்த அறம் அது.

மணிமேகலைக் காப்பியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. மாறியது அங்கே நடந்த செயல். இடத்துக்கென்று தனிப் புனிதம் இல்லை என்ற நோக்கு அதில் தெரிகிறது. தானக் கல்வெட்டுகள் இன்னொன்றைச் சொல்கின்றன: இந்தத் தர்மத்தைக் காப்பவனுடைய பாதம் தன் தலைமேல் என்று கொடுத்தவனே பொறித்துவைப்பான். தொடங்கியவனைவிடக் காப்பவன் உயர்ந்தவன். ஆனால் அங்கே காக்கச் சொன்னது விளக்கெரிப்பதை, அன்னமிடுவதை. கல்லை மட்டும் அன்று.

காப்பது என்றால் பழையபடியே வைத்திருப்பது என்றும் ஆகாது. 1855-இல் தஞ்சை அரசு முடிந்தபின் சத்திரங்கள் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. ரயில் வந்ததும் நடைவழி யாத்திரை தேய்ந்தது. சத்திர வருவாய் கல்விக்குத் திரும்பியது; அதில் நடந்த திருவையாற்று வடமொழிக் கல்லூரியில் 1924-இல் தமிழும் பாடமாயிற்று. பிள்ளைகளுக்குப் படிப்புத் தந்த பழைய சத்திரத்தின் நோக்கத்துக்கு இது அயலானதன்று. பயணி போனபின் மாணவன் வந்தான்; தர்மம் ஆள் மாறித் தொடர்ந்தது.

ஆகவே, கட்டடத்தைப் பேணுவது வீண்வேலை அன்று. அடுப்பங்கரையும் பந்தி நடந்த கூடமும் கண்ணுக்குத் தெரியும்வரை, அங்கே என்ன நின்றுபோயிற்று என்ற கேள்வியும் நிற்கும். ஆயினும் அது காவலில் பாதிதான். சத்திரத்துக்கென விட்ட நிலங்களின் வருவாய் பசித்தவரையோ படிப்பவரையோ சேரும்போதே கல்வெட்டு சொல்லும் காவல் முழுமையாகிறது. அந்த நிலங்களைக் கவனிக்கத் தஞ்சையில் இன்றும் சத்திரம் நிர்வாகம் என்ற பெயரிலேயே ஓர் அரசு அலுவலகம் இயங்குகிறது.