ஆசை குறைந்தால் அன்பு குறைந்ததா?

பல ஆண்டுகளுக்கு முன், சிற்றூர்ப் பங்கொன்றில் நாம் பணியாற்றிய காலத்தில், மாலைச் செபமாலை முடிந்த பின் இளந்தாய் ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை. கணவர் அருகில் வந்தாலே ஒதுங்கத் தோன்றுகிறது என்றும், அதனால் வீட்டில் நாள்தோறும் சச்சரவு என்றும் தலை குனிந்தவாறே சொன்னார். ஒப்புரவு அருட்சாதனத்தில் சொன்னதன்று இது. வரவேற்பறையில் அறிவுரை வேண்டிச் சொன்னது. பிறருக்குப் பயன்படுமானால் எழுதலாம் என்று பின்னாளில் அவரே இசைவு தந்தமையால் இங்கே குறிப்பிடுகிறோம்.

குருமடத்தில் பயின்ற திருமணக் கடமை பற்றிய பாடம் நம் நினைவில் இருந்தது. அதையே எடுத்துரைத்தோம். "இது மனைவியின் கடமையம்மா, நீங்கள் மறுத்து, அவர் வழிதவறினால் அந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்குண்டு" என்றோம். அவர் மறுமொழி கூறாமல் எழுந்து சென்றார்.

ஓராண்டு கழித்து அவரே மீண்டும் வந்தார். ஓயாத களைப்பு, முடியுதிர்வு, குளிர் தாங்காமை ஆகியவற்றைக் கண்ட ஓர் அருட்சகோதரி அவரை மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறார். இரத்தச் சோதனையில் தைராய்டு சுரப்பி குன்றியிருப்பது தெரிந்து, மாத்திரை எடுத்துத் தேறியிருந்தார். "சாமி, நான் கெட்டவ இல்ல. எனக்கு நோவு இருந்திருக்கு" என்றார். அந்தச் சொல் இன்றும் நம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. நோயைக் குற்றமாக்கி, அதன் சுமையை நோயாளியின் தலையிலேயே ஏற்றியிருந்தோம்.

இல்லற இன்ப நாட்டம் குறைவது குற்றமா? ஒருவருக்கு ஆசைப்படும் கடமை உண்டா? இக்கேள்வியை எழுப்பவே நாம் கூசுகிறோம். வள்ளுவப் பெருந்தகை 250 குறட்பாக்களைக் காமத்துப்பாலுக்கென ஒதுக்கியிருந்தும், காமம் என்னும் சொல்லை இழிசொல்லாக்கிவிட்டோம். பேசப்படாத ஒன்றைப் பற்றித் தெளிவு பிறப்பதில்லை, ஐயமே பிறக்கிறது.

இவ்வகையில் நம் முன்னோர் நம்மைவிடத் துணிவுள்ளவர்கள். புனித அகுஸ்தீனார் 'கடவுளின் நகர்' நூலின் 14-ஆம் பகுதியில் இதை வெளிப்படையாகவே ஆராய்கிறார். வேட்கை சில வேளை அழையாமலே வருகிறது. சில வேளை உள்ளம் விரும்பி நிற்கையிலும் உடல் குளிர்ந்து கிடக்கிறது என்பது அவரது கணிப்பு. வேட்கை மன உறுதியின் ஆணைக்கு அடங்குவதில்லை என்பதை அவர் நன்கறிந்திருந்தார். புனித தோமா அக்குவினாரோ, உணர்ச்சிகள் தம்மளவில் நன்மையுமல்ல தீமையுமல்ல. அறிவும் விருப்புறுதியும் அவற்றை ஆளும்போதே அவை அறநெறிக்குள் வருகின்றன என்று கற்பித்தார். பசி எடுக்காதது பாவமாகாது. எனினும் பசியின்மைக்கு ஒரு காரணம் இருக்கும்; அதைத் தேடுவது நம் பொறுப்பு.

அக்காரணங்கள் யாவை? பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றை அடுத்த ஓராண்டுக்குள் தைராய்டு கோளாறு தோன்றுவதுண்டு. தாய்ப்பால் ஊட்டும் காலத்தில் புரோலாக்டின் என்னும் சுரப்பு மிகுந்து ஈஸ்ட்ரோஜன் குறைவதால், நாட்டம் தணிவது இயற்கை. நாற்பதுகளின் பிற்பகுதியில் மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் உறுப்பு உலர்ந்து, உறவு வலி தருவதாக மாறக்கூடும். வலிக்கு அஞ்சும் உடல் விலகி நிற்பது வெறுப்பினால் அன்று. இவற்றோடு சோகையும் உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகையுற்றவர்கள். விடியற்காலை தண்ணீர் பிடிப்பதில் தொடங்கி இரவு பாத்திரம் கழுவி ஓயும் சோகை பிடித்த உடலிடம் வேட்கையை எதிர்பார்ப்பது எவ்வாறு?

ஆண்களுக்கு நாற்பதைக் கடந்தபின் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு வீதம் மெல்லக் குறைகிறது. உடற்பருமனும் மிகுந்த குடியும் இக்குறைவை விரைவுபடுத்தும். நீரிழிவு நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் தாக்குவதால் இயலாமை நேர்கிறது. அதை வெளியிற் சொல்ல வெட்கப்படும் கணவர் மனைவியின் அருகில் செல்வதையே தவிர்க்கிறார். மனைவியோ வேறொருத்தி இருப்பதாக ஐயுறுகிறார். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் எனக் கணித்தது. இத்தகைய ஐயம் எத்தனை இல்லங்களில் புகுந்திருக்கும் என எண்ணிப் பார்க்கலாம். மேலும், இயலாமை சிலருக்கு இதய நோயின் முன்னறிவிப்பாகவும் அமைவதால், அதை மறைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இருபாலாருக்கும் பொதுவான காரணங்களும் உள. மனச்சோர்வு நாட்டத்தைக் குறைக்கும். மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகளும், இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் குறைக்கும். கடன் சுமை, இரவுப் பணி, உறக்கமின்மை, பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே அறையில் படுக்கும் சிறு வீடு, ஈராண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வரும் வளைகுடாக் கணவருக்கும் மனைவிக்கும் இடையே வளர்ந்துவிட்ட அந்நியம் ஆகிய இவற்றுக்கு இரத்தச் சோதனை கிடையாது. சிறுவயதில் பட்ட பாலியல் கொடுமை பல்லாண்டு கழித்தும் உடலைச் சுருங்கச் செய்யும். தீர்க்கப்படாத மனத்தாங்கலும் அவ்வாறே. வள்ளுவர் தம் நூலின் இறுதி மூன்று அதிகாரங்களை ஊடலுக்குத் தந்தார். தீர்ந்துபோகும் ஊடல் அன்பை வளர்க்கும். பகலெல்லாம் இகழப்பட்டவர் இரவில் மட்டும் இணங்குவது எங்ஙனம்?

இங்கு மற்றோர் உண்மையையும் கூற வேண்டும். கனடா நாட்டு மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவாறு, பலருக்கு, குறிப்பாக நெடுநாள் இல்லறத்தில் வாழும் பெண்களுக்கு, வேட்கை முதலில் வருவதில்லை. நெருக்கமும் பரிவும் முன்வர, அவற்றுக்குப் பின்னரே அது எழுகிறது. தாமாக ஆசை எழாததால் தம்மிடம் ஏதோ குறை உண்டென வருந்துவோர் இதனால் ஆறுதல் பெறலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறையும், நாட்டக்குறைவு ஏறத்தாழ ஆறு மாதமேனும் நீடித்து, அவருக்கே துன்பம் தந்தாலன்றி அதைக் கோளாறாகக் கொள்வதில்லை.

மருத்துவம் இவ்வளவு தெளிவுபடுத்தியிருக்க, அச்சத்தை விற்கும் வணிகமும் தழைக்கிறது. நகர விடுதிகளில் அறையெடுத்து, 'இளமையில் செய்த தவறு' என்று இளைஞரை மிரட்டி இலேகியம் விற்போரை நாம் அறிவோம். விந்து வெளியேறுவதால் உடல் நலியும் என்னும் நம்பிக்கையிலிருந்து பிறக்கும் இத்துயரத்துக்கு 1960-இல் இந்திய மனநல மருத்துவர் என். என். விக் 'தாது' என்னும் சொல்லைக்கொண்டே பெயரிட்டார். அந்நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. அறநெறிக் கேள்வி வேறு, உடல்நலக் கேள்வி வேறு. பாவத்தைப் பற்றிப் போதிக்க விரும்புவோரும் பொய்யான நோயைக் காட்டி அச்சுறுத்தலாகாது.

அவ்வாறாயின் கடமை என்பதே இல்லையா? உண்டு. ஆனால் அது ஒருவழிப் பாதையன்று. திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 7-ஆம் அதிகாரத்தில், மனைவியின் உடல்மீது கணவனுக்குள்ள உரிமையைச் சொன்ன அதே மூச்சில், கணவனின் உடல்மீது மனைவிக்குள்ள உரிமையையும் சொல்கிறார். அக்காலத்துக்கு அது பெரும் புதுமை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், துணைவரின் நிலைமையையும் நியாயமான விருப்பத்தையும் கருதாமல் திணிக்கப்படும் உறவு உண்மையான அன்புச் செயலாகாது என்று கற்பித்தார். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதையே மீண்டும் நினைவூட்டினார். இவற்றையெல்லாம் நாம் படித்திருந்தோம். அந்த இளந்தாய் நம் முன் அமர்ந்திருந்தபோது அவை நம் நினைவுக்கு வரவில்லை.

மறுக்கப்படுபவரின் வேதனையையும் நாம் எளிதாக எண்ணுதல் கூடாது. தொடர்ந்து விலக்கப்படும் கணவரோ மனைவியோ தாம் வேண்டாதவராகிவிட்டோமோ என உள்ளூரக் கலங்குகிறார். அவருக்கும் ஒரு விளக்கம் பெறும் உரிமை உண்டு. ஆகவே ஆசை குறைவது குற்றமன்று. அதைப் பற்றி வாய் திறவாமல் துணைவரை இருளில் விடுவதும், காரணம் அறிய முயலாமல் பழி சுமத்துவதும், வன்முறையால் பெற முனைவதுமே குற்றம். வேட்கையைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. ஆனால் பேசுவதும், கேட்பதும், பொறுப்பதும், மருத்துவரிடம் சேர்ந்து செல்வதும் நம் விருப்புறுதிக்கு உட்பட்டவை. திருமண நாளில் வாக்களித்தது இவற்றையே.

மருத்துவரிடம் செல்வோர் தாம் உண்ணும் மாத்திரைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவற்றைத் தாமாகவே நிறுத்திவிடவும் கூடாது. மாற்று மருந்து பெரும்பாலும் உண்டு. சிலருக்கு மருந்தே தேவைப்படாது; வேலைச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு கை போதும்.

இப்போதெல்லாம் இத்தகைய குறையோடு எவரேனும் வரும்போது, கடமையைப் பற்றி நாம் முதலில் பேசுவதில்லை. "உடம்புக்கு எப்படி இருக்கிறது? இரவில் உறங்குகிறீர்களா? வீட்டில் உங்களுக்கு உதவி யார்?" என்றே கேட்கிறோம். அந்த இளந்தாயிடம் அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. அவர் நம்மை மன்னித்துவிட்டார். இம்மூன்று கேள்விகளையும் கணவர் மனைவியிடமும் மனைவி கணவரிடமும் கேட்பார்களானால், எத்தனையோ இல்லங்களில் பங்கு இல்லத்துக்கு வரவேண்டிய தேவையே எழாது.