பாழ்நகரில் ஒரு வினா

பொலன்னறுவையைப் பிள்ளைகளுக்குக் காட்ட விழையும் பெரியோர் பெரும்பாலும் வாகனத்தில் ஏறுவதும் இறங்குவதுமாகவே அந்நகரைக் காட்டி முடிக்கின்றனர். வட்டதாகே, லங்காதிலகம், கல்விகாரை என்பன ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைகின்றன. கால்நடையாகச் செல்வோர்க்கோ சின்னங்களுக்கு இடைப்பட்ட வெளியும் நகரமேயாகும். மரநிழலினூடும் பெயரறியாச் செங்கற் குவியல்களினூடும் நடக்கையிலேதான் பிள்ளைகள் வினாத் தொடுக்கின்றனர். அவ்வினாக்களுள் ஒன்று பெரியோரின் நேர்மையையே சோதிப்பது.

பிள்ளைகள் காணும் நகரம் பெரியோர் காணும் நகரமன்று. தலதா மளுவையிற் பாதணிகளைக் கழற்றியதும், வெயிலிற் காய்ந்த கல்லின் சூடு தாளாது அவர்கள் நிழலுக்கு நிழல் தாவுகின்றனர். அங்கு கிடக்கும் கல்பொத்த எனப்படும் கற்புத்தகம் ஏறத்தாழ 26 அடி நீளமுடையது. நிசங்கமல்லன் (1187 - 1196) தன் புகழை அதிற் பொறிப்பித்ததோடு, அக்கல் மிகிந்தலையிலிருந்து கொண்டுவரப்பட்டமையையும் பொறிப்பித்தான். பெரியவர் அரசனின் பெயரையும் ஆண்டையும் கூறத் தொடங்குமுன்னரே பிள்ளை விளிம்பிலுள்ள அன்னவரிசையை எண்ணத் தொடங்கிவிடுகின்றது. எண்ணி முடித்தபின், “இதை இழுத்து வந்தவர்களுக்குக் கை நோகவில்லையா?” என்று கேட்கின்றது. அரசர் வரலாறு எழுதியோர் பலருக்குத் தோன்றாத வினா இது.

ஆயினும் இது இலகுவான வினாவே. கடினமானது, இடிந்த சுவரொன்றின் முன்னே கேட்கப்படுவது: “இதையெல்லாம் யார் உடைத்தது?”

இதற்கு இரண்டு விடைகள் எப்பொழுதும் ஆயத்தமாக உள்ளன. “பழைய கட்டடம், தானே விழுந்துவிட்டது” என்பது ஒன்று. இது முற்றும் பொய்யன்று. கூரை மரம் உக்கியது. மழை காரையைக் கரைத்தது. மரங்கள் வேர்விட்டுச் சுவரைப் பிளந்தன. எனினும், 1215இல் மாகன் படையெடுத்து வந்ததையும், அவனுடைய படையினர் தூபிகளை உடைத்தனர் எனச் சூளவம்சம் கூறுவதையும் அறிந்த ஒருவர், மரவேரின்மீது முழுப்பழியையும் சுமத்துவது சங்கடத்தினின்றும் தப்பும் வழியேயாகும். மற்றைய விடை ஓர் இனத்தின் பெயர். “அவர்கள்தான் உடைத்தார்கள்” என்று எளிதிற் கூறிவிடலாம். ஆனால் அச்சொல்லைப் பிள்ளை பாழ்நகரிலேயே விட்டுவிட்டு வீடு திரும்புவதில்லை. வகுப்பில் அடுத்த வாங்கில் இருப்பவனையும் தெருவில் எதிர்ப்படுபவனையும் அளக்கும் கோலாக அது உடன் செல்கின்றது. 1983 முதல் 2009 வரை போரிற் கழிந்த ஒரு நாட்டிலே, எவருடைய வாயிலும் அச்சொல் வெறும் வரலாறாக நிற்பதில்லை. ஒரே சுவரின் முன்னே இரு மொழி பேசும் இரு மாணவர் கூட்டங்கள் நிற்கலாம். இரண்டுக்கும் வெவ்வேறு “அவர்கள்” காட்டப்படலாம்.

நடத்தலின் பயன் இவ்விடத்திற் புலனாகின்றது. நடப்பவர் கூறிய விடையை அடுத்த கல் வந்து மறுக்கின்றது. தலதா மளுவையிலேயே வேளைக்காரர் கல்வெட்டு நிற்கின்றது. தமிழிலமைந்த அச்சாசனம், முதலாம் விஜயபாகு (1055 - 1110) அமைத்த தந்ததாதுக் கோயிலின் காவற்பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றமையைக் கூறுவது. அதே மன்னனின் ஆட்சியில் அப்படையினர் கிளர்ந்தெழுந்து அரண்மனையை எரித்தனர் என்பதும் சூளவம்சத்தில் உள்ளது. எரித்த படையின் பெயரும் காத்த படையின் பெயரும் ஒன்றே. வடக்கே சற்று நடந்தால், இன்று இரண்டாம் சிவதேவாலயம் எனப்படும் வானவன்மாதேவி ஈச்சரம் எதிர்ப்படும். பொலன்னறுவையைச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டு ஆண்ட சோழரின் காலத்துக் கற்கோயில் அது. 1070இற் சோழராட்சி ஒழிந்து ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் விமானத்தோடு நிற்கின்றது. அதன் அழகைப் பிள்ளைக்குக் காட்டிப் பெருமை கொள்ளும் தமிழ்ப் பெரியவர், ஐந்தாம் மகிந்தன் 1017இற் சோழராற் சிறைபிடிக்கப்பட்டு அவர் நாட்டிலேயே இறந்தமையையும் அங்கு நின்றே கூறுவாரா? கூறுவோர் சிலரே. மாகனைப் பற்றி விரிவாகக் கூறும் சிங்களப் பெரியவருக்கும் இதுபோன்றதொரு சோதனை சற்று வடக்கே காத்திருக்கின்றது.

இவ்வளவு சிக்கலைச் சிறு பிள்ளையின் தலையிற் சுமத்தலாமா எனச் சிலர் வினவுவர். இத்தடையில் நியாயம் இல்லாமலில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சிறையும் கொலையும் விவரிக்கப்பட வேண்டியன அல்ல. ஆனால் சொல்லாது விடுதல் வேறு, மாற்றிச் சொல்லுதல் வேறு. விட்டதைப் பின்னொருநாள் சொல்லிக்கொள்ளலாம். மாற்றிச் சொன்னதை மீட்பது அரிது. மேலும், காலையிற் பொம்மையை உடைத்த தம்பியே மாலையில் அதனை ஒட்ட முயல்வதை அன்றாடம் காணும் பிள்ளைக்கு, எரித்தவரே காத்தனர் என்பது பெரியோர் அஞ்சுமளவுக்கு விளங்காத செய்தியன்று. “பிள்ளைக்கு விளங்காது” என்பது பல வேளைகளிற் பெரியவர் தமக்கே கூறிக்கொள்ளும் ஆறுதல்.

கல்விகாரையில் 46 அடி நீளமாய்ச் சயனித்திருக்கும் புத்தரின் தலையணை, தலை பட்ட இடத்திற் குழிந்திருப்பதைப் பிள்ளைகளே முதலிற் கண்டுகொள்கின்றனர். கல் எவ்வாறு அமுங்கியது என்பதே அவர்களுடைய வியப்பு. அங்கிருந்து வடக்கே செல்லும் பாதையில், மரஞ்செடிகள் அடர்ந்த பெருங்குன்று ஒன்று உண்டு. தமிழர் தூபி எனப் பொருள்படும் பெயருடையது அது. பாண்டிநாட்டுப் போரிற் கைப்பற்றிக் கொணர்ந்த தமிழரைக் கொண்டு முதலாம் பராக்கிரமபாகு (1153 - 1186) அதனைக் கட்டுவித்தான் என்பது சூளவம்சத்தின் கூற்று. மகிந்தனைப் பற்றிக் கூறியவர் இதனையும் கூறலாம். மாகனைப் பற்றிக் கூறியவர் கூறியே ஆகவேண்டும்.

“இது மலைதானே?” என்கிறான் நடந்து களைத்த சிறுவன். மலையன்று, மனிதர் கட்டியது என்றால் நம்ப மறுக்கின்றான். சரிவில் மண்ணினின்றும் துருத்திய செங்கற்றுண்டு ஒன்று கையில் அகப்பட்டபின்னரே நம்புகின்றான். “கட்டினவர்களின் பிள்ளைகள் அப்போது எங்கே இருந்தார்கள்?” என்று அடுத்துக் கேட்கின்றான். பெரியவர் சொல் தேடி நிற்கையில், அவன் அத்துண்டை எடுத்த குழியிலேயே வைத்து, மண்ணைத் தள்ளிக் காலால் மிதிக்கின்றான்.