நேரம் யாருக்குச் சொந்தம்?

வீட்டிலிருந்தபடியே தொழில் செய்வது நமக்குப் புதிய வழக்கமன்று. முற்றத்தில் வலை பின்னியவர்களும், விறாந்தையில் தையல் இயந்திரத்தோடு அமர்ந்தவர்களும், பனையோலையில் பெட்டி இழைத்தவர்களும் நம் ஊர்களில் நெடுங்காலமாக இருந்து வருகின்றனர். பெட்டி முடிந்தால் வேலையும் முடிந்தது. பொழுதுபட்டால் கையும் ஓய்ந்தது.

2020இல் கொரோனாத் தொற்றும், 2022இல் எரிபொருள் தட்டுப்பாடும் கந்தோரையே வீட்டிற்குள் கொண்டுவந்தன. பலர் இன்றும் அவ்வாறே பணிபுரிகின்றனர். பஸ்ஸில் நெரிபடும் துன்பம் இல்லை; பிள்ளைகளும் கண்முன்னே இருக்கின்றனர். இவை நன்மைகளே. ஆயினும், முன்பு மாலையில் கந்தோரைப் பூட்டியதும் வேலை அங்கேயே நின்றுவிடும். இன்று அது சாப்பாட்டு மேசைக்கும் வருகிறது, படுக்கைக்கும் வருகிறது.

அன்பார்ந்த வாசகர்களே, நேரத்தை எவ்வாறு பங்கிடுவது என்று கேட்குமுன், அந்த நேரம் யாருக்குச் சொந்தம் என்று கேட்போம்.

சம்பளம் பெறுபவர் நாளொன்றில் குறித்த சில மணித்தியால உழைப்பைத் தருவதாக உடன்பட்டிருக்கிறார். மேலதிகாரி பார்க்கவில்லை என்பதற்காக அதில் களவு செய்வது நீதியன்று. அதே நீதி மறுபக்கத்திற்கும் உண்டு. எஞ்சிய நேரத்தில் வாழ்க்கைத் துணைக்கும், பிள்ளைகளுக்கும், முதிய பெற்றோருக்கும் உரிமை இருக்கிறது. அதை எடுத்துக் கந்தோருக்குக் கொடுப்பவர், பிறருக்குரிய பொருளைத் தானம் செய்கிறார்.

இந்த எல்லையை வகுக்க உழைக்கும் மக்கள் நெடுங்காலம் போராடினர். சர்வதேச தொழில் தாபனம் 1919இல் நிறைவேற்றிய முதலாவது சமவாயமே, தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்திற்கு 48 மணித்தியாலம் என்ற வரம்பை வகுத்தது. நமது நாட்டில் கடை, கந்தோர் ஊழியருக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்திற்கு 45 மணித்தியாலத்தைச் சாதாரண வேலை நேரமாக்கியது. கைத்தொலைபேசி அந்த வரம்பைக் கரைக்கக் கண்டு, பிரான்ஸ் 2017 முதல், வேலை நேரத்திற்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டத்தில் ஏற்றது. ஊழியரை ஓய்வு நேரத்தில் அவசரமின்றித் தொடர்புகொள்ளலாகாது என்று போர்த்துக்கல் 2021இல் விதித்தது.

"பிள்ளைகளுக்காகத்தானே இரவு பகலாக உழைக்கிறேன், நானே விரும்பிச் செய்கிறேன்" என்பார் சிலர். இவர்களுக்கு பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் எழுதிய ரேரும் நோவாரும் என்ற சுற்றுமடலில் பதில் உண்டு. எந்தத் தொழில் ஒப்பந்தத்திலும், சொல்லப்பட்டாலும் படாவிட்டாலும், ஆன்மாவுக்கும் உடலுக்கும் வேண்டிய ஓய்வு நிபந்தனையாக அடங்கியிருக்கிறது என்றார் அவர். தன் மாண்பைக் கெடுக்கும் நிலைக்குத் தானே இணங்கவும் மனிதனுக்கு உரிமை இல்லை என்பதும் அவர் போதனை. ஆகவே, நமது ஓய்வுங்கூட நாம் விரும்பியபடி விற்றுவிடக்கூடிய பண்டமன்று.

இதில் பெண்களின் சுமையைத் தனியே சொல்லவேண்டும். கணவன் வீட்டிலிருந்து வேலை செய்தால், "அப்பா வேலை செய்கிறார், சத்தம் போடாதே" என்று பிள்ளையை அடக்குகிறோம். மனைவி அவ்வாறு செய்தால், "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று தேநீர் கேட்கிறோம். அவரது வேலையும் வேலையே. அடுப்படியையும் பிள்ளைகளின் பாடங்களையும் கணவன் பகிர்ந்துகொள்ளாத வீட்டில் சமநிலை என்ற சொல்லுக்கே பொருளில்லை.

செய்யக்கூடியவை சில உண்டு. வேலைக்கென ஒரு மூலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே அறையுள்ள வீடானால், வேலை முடிந்ததும் கணினியை மூடி அலுமாரியில் வையுங்கள். வெளிநாட்டு நிறுவனத்திற்கு உழைப்போருக்கு, இலண்டனில் நண்பகலாகும்போது இங்கே மாலையாகிவிடும். அப்படியானால் காலையில் ஒரு நேரத்தை வீட்டுக்கென ஒதுக்குங்கள். சாப்பாட்டு வேளைக்கும் குடும்பச் செபத்திற்கும் தொலைபேசி வேண்டாம்.

பிறரை வேலை வாங்கும் நிலையில் இருப்போரே, "நாளைக்குச் செய்தால் போதும்" என்று இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் அனுப்பும் செய்தியும் ஊழியருக்குக் கட்டளையாகவே கேட்கும். காலைவரை பொறுத்திருங்கள்.

இந்த வாரமே குடும்பமாக அமர்ந்து, எந்த நேரம் வேலைக்கு, எந்த நேரம் வீட்டுக்கு என்று பேசித் தீர்மானியுங்கள். பிள்ளைகளையும் கேளுங்கள். அவர்களுக்குரிய பங்கை அவர்களே நன்கு அறிவார்கள்.